கடைசிக் கால் மாத்திரைதான் கடினம்: பழகிப்போன மருந்தை நிறுத்துவது பற்றி

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, நரம்பு வலி மாத்திரை என்று ஏதோ ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரு நாள் போதும் என்று முடிவு செய்து நிறுத்துகிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இரவு முழுக்கக் கண் மூடவில்லை. நான்காம் நாள் பயந்துபோய்ப் பழைய டோஸையே எடுக்கிறார். சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. "பார்த்தாயா, இந்த மாத்திரை இல்லாமல் நம்மால் முடியாது" என்று அவரும் நம்புகிறார், வீட்டாரும் நம்புகிறார்கள், சில சமயம் மருத்துவரும் நம்பிவிடுகிறார். இப்படியே பத்து வருடம் ஓடிவிடுகிறது.

அந்த நான்கு நாள் அவஸ்தை நோய் திரும்பியதற்கான சான்று என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. பெரும்பாலும் அது நிறுத்திய வேகத்தின் விளைவு. அதே மனிதர், அதே மருந்து, எட்டு மாதத்தில் படிப்படியாக இறங்கினால் கதை வேறு மாதிரி முடிய நல்ல வாய்ப்பு உண்டு. எவ்வளவு மெதுவாக, எந்த அளவில், எந்த இடத்தில் இன்னும் மெதுவாக என்பதுதான் இங்கே பேச்சு. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இதைப் படித்துவிட்டு யாரும் நாளையே தாமாக டோஸைக் குறைக்க வேண்டாம். சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரும் போகும். மருந்து எழுதிக்கொடுத்தவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

உடல் பழகிப்போவதும் போதைக்கு அடிமையாவதும் ஒன்றல்ல. சீட்டில் எழுதிய அளவை எழுதிய நேரத்தில் மட்டும் சாப்பிட்டவருக்கும் உடல் பழகிப்போகும். அளவை மீறிக்கொண்டே போவது, கிடைக்காவிட்டால் எப்படியாவது தேடி அலைவது, வேலையும் உறவும் கெட்டாலும் விட முடியாமல் இருப்பது, இவையெல்லாம் இருந்தால் அது வேறு பிரச்சினை, அதற்கு வேறு சிகிச்சை. இரண்டையும் குழப்புவதால் வரும் கேடு பெரியது. தன்னை அடிமை என்று பிறர் நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் பலர் மருத்துவரிடம் சொல்லாமலே, ரகசியமாக, ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். ஆபத்தான வழி அதுதான்.

உள்ளே நடப்பது இது. பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் (அல்பிரசோலாம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம்) மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகின்றன. தினமும் வெளியிலிருந்து அமைதி வந்துகொண்டே இருந்தால், மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது: காபா வந்து ஒட்டும் ஏற்பிகள் மந்தமாகின்றன, எதிர்த்திசையில் தூண்டிவிடும் அமைப்பு வலுக்கிறது. திடீரென்று மாத்திரையை எடுத்துவிட்டால் தூண்டுதல் மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, கடைசி எல்லையில் வலிப்பு. ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்ப வாரங்களும் மாதங்களும் ஆகும். மருந்தோ சில நாளில் ரத்தத்திலிருந்து போய்விடும். இந்த இடைவெளியில்தான் மனிதர் தவிக்கிறார். மெதுவாகக் குறைப்பதன் நோக்கம், மூளை திரும்பும் வேகத்துக்கு மருந்து குறையும் வேகத்தை இழுத்துப் பிடிப்பதுதான்.

எதை ஒருபோதும் சட்டென்று நிறுத்தக் கூடாது

பென்சோடயசெபைன் முதலில். இந்த வகை 1960-ல் குளோர்டயசெபாக்ஸைடுடன் சந்தைக்கு வந்தது, 1963-ல் டயசெபாம். பழகிப்போகும் என்பது வெகு காலமாகத் தெரிந்திருந்தும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல்தான் சார்பு (உடல் பழகிப்போவது), விலகல் (குறைக்கும்போதும் நிறுத்தும்போதும் வரும் தொல்லைகள்) பற்றிய எச்சரிக்கையைக் கட்டம் கட்டி, இந்த வகை முழுவதன் மருந்துக் குறிப்பிலும் சேர்த்தது. குறுகிய ஆயுள் கொண்ட, அதாவது உடலிலிருந்து சீக்கிரம் போய்விடும் மாத்திரை என்றால் நிறுத்திய ஒன்றிரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம். டயசெபாம் போல நீண்ட நேரம் தங்கும் மருந்து என்றால் ஒரு வாரம் கழித்தும் வரலாம். "ஐந்து நாள் ஆகிவிட்டது, தப்பித்தோம்" என்ற நினைப்பு அங்கே பொய்.

தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென், இதே வழியில் வலிப்பையும் மாயக் காட்சிகளையும் கொண்டுவரும். வலிப்புக்கான மருந்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கான குளோனிடினை நிறுத்தினால் ரத்த அழுத்தம் முன்னைவிட எகிறும். புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்களை நிறுத்தினால் இதயம் வேகமெடுக்கும். இதய ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் எடுத்தவருக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். அது விழிப்பதற்குள் நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். அது அவசர சிகிச்சைக்குரியது.

உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதே பொறியில் மாட்டும் மருந்துகளும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை நல்ல எடுத்துக்காட்டு. 2009-ல் டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் எஸோமெப்ரசோல் கொடுத்து, பிறகு நிறுத்தினார்கள். அதற்குப் பின் வந்த வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை. வெற்று மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். ஆரோக்கியமானவருக்கே மருந்து நோயை உண்டாக்கிக் காட்டியது. மூக்கடைப்புக்கு விடும் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகளும் அப்படியே: சில நாளைத் தாண்டினால் மூக்கை அடைப்பதே அந்தச் சொட்டுதான். தலைவலிக்கும் இது பொருந்தும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகையை 10 நாளுக்கு மேல், சில மாதங்கள் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

கணக்கு

பெரும்பாலான தோல்விகள் மாத்திரை விற்கப்படும் அளவைப் பார்த்துக் குறைப்பதால் வருகின்றன. ஒன்று, அரை, கால், பூஜ்யம். பார்க்க ஒழுங்கான படிக்கட்டு. ஆனால் உடல் உணர்வது அளவை அல்ல, விகிதத்தை. ஒன்றிலிருந்து அரைக்கு வந்தால் பாதி போகிறது. அரையிலிருந்து காலுக்கு வந்தால் இருப்பதில் மறுபடி பாதி. காலிலிருந்து பூஜ்யம் என்பது நூறு சதவீதம். கடைசிப் படிதான் எல்லாவற்றையும்விட உயரம்.

அதனால்தான் இப்போது இருக்கும் டோஸில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். பென்சோடயசெபைனுக்கு அமெரிக்காவில் 2025-ல் வந்த கூட்டு வழிகாட்டுதல், தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கூடாது. 1 மி.கி. குளோனசெபாம் எடுப்பவரை வைத்துப் பார்ப்போம். பத்து சதவீதம் என்றால் 0.9, அடுத்து 0.81, பிறகு 0.73, 0.66, 0.59, 0.53, 0.48. ஏழு படியில் பாதி. படிக்கு இரண்டு வாரம் என்றால் மூன்றரை மாதம். 0.1 மி.கி.-யைத் தொட 22 படி ஆகும். அதே வேகத்தில் பத்து மாதம். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஐந்து வருடம் சாப்பிட்ட மருந்துக்கு இது நீண்ட காலமே அல்ல என்பது என் எண்ணம். இரண்டு மூன்று வாரம் மட்டும் எடுத்தவருக்கு இவ்வளவு நீட்டி முழக்கத் தேவையும் இல்லை.

மனச்சோர்வு மருந்துகளில் இந்த வளைவு இன்னும் கூர்மை. 2019-ல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூளை ஸ்கேன் தரவுகளை வைத்து இதை விளக்கினார்கள். சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை 40 மி.கி. எடுத்தால், செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை உள்ளிழுக்கும் கடத்திகளில் சுமார் 86 சதவீதம் அடைபடுகிறது. டோஸைப் பாதியாக்கி 20-க்கு வந்தாலும் சுமார் 80. ஆகவே இந்த முதல் பாதியில் பலருக்கு ஒன்றுமே தெரியாது, துணிச்சல் வந்துவிடும். 9 மி.கி.-யில் 70, 5.4-ல் 60, 3.4-ல் 50, 1.5-ல் 30, 0.8-ல் 20. கவனியுங்கள்: 40-லிருந்து 20-க்கு வரும்போது இழப்பது ஆறு புள்ளி. 5-லிருந்து பூஜ்யத்துக்குத் தாவும்போது இழப்பது ஏறக்குறைய அறுபது. மிகச் சிறிய மாத்திரையிலிருந்து நிறுத்துவதுதானே, என்ன ஆகிவிடும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய மாத்திரையே உடலுக்குப் பெரிய டோஸ்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்துவதும் நியாயமல்ல. 2024-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் வந்தன. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு வந்தன. மருந்தால் மட்டும் வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வந்தது 35 பேரில் ஒருவருக்கு. அந்தத் தொகுப்பில் குறுகிய காலம் எடுத்தவர்களே அதிகம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வருடக்கணக்கில் எடுத்தவருக்கும், முன்பு நிறுத்த முயன்று கஷ்டப்பட்டவருக்கும், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் எடுப்பவருக்கும் வாய்ப்பு கூடுதல். வென்லாஃபாக்ஸின் ஐந்து மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். அதிலிருந்து உடல் உண்டாக்கும் செயலுள்ள பொருள் பதினோரு மணி நேரத்தில். ஒரு டோஸ் தவறினாலே மாலைக்குள் தலை சுற்றலும், கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் சொடுக்குவது போன்ற உணர்வும் சிலருக்கு வருவது அதனால்தான்.

வெட்டுவது, கரைப்பது, அளப்பது

0.81 மி.கி. என்று காகிதத்தில் எழுதுவது எளிது. கையில் இருப்பது 0.5 மி.கி. மாத்திரை.

முதலில், எதை வெட்டவே கூடாது என்று பாருங்கள். மருந்தை மெல்ல விடும் வகை மாத்திரைகளின் பெயரோடு எஸ்ஆர், இஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று ஏதாவது ஒட்டியிருக்கும். அவற்றை வெட்டினால், நசுக்கினால் ஒரு நாளுக்கான மருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) மாத்திரையானால் மூச்சே நின்றுபோகலாம். வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைவதற்காக மேல்பூச்சு போட்டவையும் அப்படியே. டுலோக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் கேப்ஸ்யூல்களுக்குள் இருக்கும் மணிகளை உடைக்காமல், திறந்து சிலவற்றை எடுத்துவிட்டுக் குறைப்பவர்கள் உண்டு. மணிகளின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே அட்டையிலேயே சற்று மாறும், சில தயாரிப்பில் மணிகளுக்குப் பதில் நாலைந்து சிறு மாத்திரைகள்தான் இருக்கும். ஆகவே திறக்கும் முன் மருந்தாளுநரிடம் அந்தப் பெட்டியையே காட்டிக் கேட்க வேண்டும்.

சாதாரண மாத்திரைக்குக் கத்தியைவிட மாத்திரை வெட்டி நல்லது. அரை மாத்திரை இரண்டும் சமமாக வராது. ஒன்று சற்றுப் பெரிதாகவே இருக்கும். பத்து மாத்திரையை மொத்தமாக வெட்டிப் போட்டு எடுக்காமல், ஒன்றை வெட்டி அதன் இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்து எடுத்தால் பிழை தானே சரிக்கட்டும். கால் மாத்திரைக்குக் கீழே வெட்டுவது பொடியில்தான் முடியும். அந்த இடத்தில் திரவத்துக்கு மாற வேண்டும்.

பல மருந்துகள் திரவமாகவே வருகின்றன. மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெடின் 5 மி.லி.-க்கு 20 மி.கி. என்று வரும், அதாவது 1 மி.லி.-யில் 4 மி.கி.; 0.25 மி.லி. எடுத்தால் 1 மி.கி. டயசெபாம் 5 மி.லி.-க்கு 2 மி.கி. என்று கிடைத்தால், 0.5 மி.கி.-க்கு 1.25 மி.லி. இங்கே கரண்டி உதவாது. ஊசி இல்லாத, வாய்வழி மருந்துக்கான 1 மி.லி. சிரிஞ்சு வேண்டும். இன்னொரு பெரிய ஆபத்து: ஒரே மருந்தின் திரவம் வெவ்வேறு செறிவில் வரும். போன மாதம் 1 மி.லி.-யில் 0.4 மி.கி. இருந்தது, இந்த மாதப் பாட்டிலில் 5 மி.கி. இருக்கலாம். பழைய மி.லி. கணக்கிலேயே எடுத்தால் பன்னிரண்டு மடங்கு. புதுப் பாட்டில் வந்தால் முதல் வேலை லேபிளைப் படித்து மி.கி.-யிலிருந்து மறுபடி கணக்குப் போடுவது.

திரவம் கிடைக்காத மருந்தைத் தண்ணீரில் கலைத்து எடுப்பதும் உண்டு. 10 மி.கி. மாத்திரையை 10 மி.லி. தண்ணீரில் கலைத்தால் 1 மி.லி.-யில் 1 மி.கி.; 9 மி.கி. வேண்டுமானால் 9 மி.லி. எடுத்து மீதியைக் கொட்டிவிடலாம். சொல்வதற்கு இவ்வளவுதான், செய்யும்போது ஒரு சிக்கல். குளோனசெபாம், டயசெபாம் போன்றவை தண்ணீரில் கரைவதில்லை. துகளாக மிதந்து அடியில் படியும். நன்றாகக் கலக்கிய கையோடு, படிவதற்குள் சிரிஞ்சில் இழுக்க வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால் பாதி மருந்துகூட வராது. நாளைக்கு என்று வைத்திருக்கவும் கூடாது. எந்த மாத்திரைக்கு இது சரிப்படும் என்பதை மருந்தாளுநர் சொல்லட்டும்.

நுட்பமான தராசில் எடை போட்டுத் தேய்த்துக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். மாத்திரையின் எடை மருந்தின் எடை அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது: 0.5 மி.கி. மருந்துள்ள மாத்திரை 170 மி.கி. எடை இருந்தால், பத்து சதவீதம் குறைக்க அதை 153 மி.கி. ஆக்க வேண்டும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது இன்றும் அதிகம் சொல்லப்படும் யோசனை. குறுகிய ஆயுள் மருந்துகளுக்கு இது மிகத் தவறான யோசனை. ஒரு நாள் முழு டோஸ், மறுநாள் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தினம் தினம் விலகலை ஏற்படுத்தி, தினம் தினம் அதை அணைப்பதாகத்தான் முடியும். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு, அந்த அளவு மட்டும் மெல்லக் குறைய வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் உடலில் தங்கும் ஃப்ளூவாக்ஸெடின் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இடைவெளி பொறுக்கும்.

நீண்ட ஆயுள் மருந்துக்கு மாறுவது

அல்பிரசோலாம், லோரசெபாம் எடுப்பவர்களில் சிலர் அடுத்த டோஸ் நேரம் வருவதற்கு ஒரு மணி முன்பே பதறத் தொடங்குவார்கள். கடிகாரம் பார்க்காமலே உடல் சொல்லிவிடும். இரண்டு டோஸுக்கு நடுவிலேயே விலகல் நடக்கிறது என்று பொருள். இவர்களுக்கு டயசெபாமுக்கு மாற்றிப் பிறகு குறைக்கும் வழி உண்டு. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே தனி கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் இந்த முறையைப் பரவலாக்கினார். அவர் கணக்கில் 10 மி.கி. டயசெபாமுக்கு 0.5 மி.கி. அல்பிரசோலாம், 0.5 மி.கி. குளோனசெபாம், 1 மி.கி. லோரசெபாம் சமம். வேறு அட்டவணைகள் இதில் பாதி டயசெபாமே போதும் என்கின்றன. அதனால் ஒரே நாளில் மொத்தமாக மாற்றுவதில்லை. லோரசெபாம் 1 மி.கி. மூன்று வேளை எடுப்பவர் என்றால், முதலில் இரவு வேளையை மட்டும் மாற்றி ஒரு வாரம் பார்ப்பார்கள். அதிகத் தூக்கமா, குறைவா என்று தெரிந்த பிறகு காலை, அப்புறம் மதியம். முழுதும் மாறியபின் 20 மி.கி. வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு 2 மி.கி., அதற்குக் கீழே 1 மி.கி., 5 மி.கி.-க்குக் கீழே 0.5 மி.கி. என்று இறங்குவார்கள். வயதானவர்களுக்கும் கல்லீரல் பழுதானவர்களுக்கும் டயசெபாம் உடலில் சேர்ந்துகொண்டே போகும். நடை தள்ளாடி, விழுந்து எலும்பு முறியும். அவர்களுக்குப் பழைய மருந்திலேயே மெதுவாகக் குறைப்பது பெரும்பாலும் மேல்.

ஓபியாய்டு வலி மருந்துகளில் விலகல் வேறு முகம் காட்டும்: கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, கால்களை வைக்க இடமில்லாத தவிப்பு. குறுகிய ஆயுள் மருந்தானால் கடைசி டோஸிலிருந்து அரை நாளுக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் வடியும். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவருக்கு மாதத்துக்கு 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாக என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல். டிரமடால் எடுப்பவருக்கு இரட்டைச் சுமை. அது ஓபியாய்டாகவும் மனச்சோர்வு மருந்தைப் போலவும் வேலை செய்வதால், மேலே சொன்னவற்றோடு பதற்றமும் குழப்பமும் சேரலாம். ஓபியாய்டில் உயிரைக் குடிப்பது விலகலைவிட அதற்குப் பிந்தைய நாள்தான். சில வாரம் குறைத்ததும் உடலின் தாங்குதிறன் விழுந்துவிடும். ஒரு கடினமான இரவில் பழைய டோஸை அப்படியே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மிச்சமான மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதும், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலோக்ஸோன் கிடைக்கும் இடத்தில் அதை வீட்டாரின் கைக்கெட்டும்படி வைக்க வேண்டும் என்பதும் அதனால்தான்.

நரம்பு வலிக்குக் கொடுக்கும் மருந்துகளில், பிரிகாபலின் என்றால் வாரத்துக்கு 50 முதல் 100 மி.கி.-க்கு மேல் குறைக்கக் கூடாது, காபாபென்டின் என்றால் நான்கு நாளுக்கு 300 மி.கி.-க்கு மேல் கூடாது என்று பிரிட்டனில் சொல்கிறார்கள். அது உச்ச வரம்பு. வருடக்கணக்கில் எடுத்தவர் இதைவிட மெதுவாகப் போவதே நல்லது.

நோயா, விலகலா

முழு முயற்சியும் தேறுவதும் தோற்பதும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பதில்தான். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். எப்போது வந்தது: விலகல் டோஸ் குறைத்த சில நாளுக்குள் வரும் (ஃப்ளூவாக்ஸெடின் மாதிரி நீண்ட ஆயுள் மருந்தில் வாரங்கள் தள்ளியும் வரலாம்), நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல ஊர்ந்து வரும். என்ன வந்தது: மனச்சோர்வுக்காக மருந்து எடுத்தவருக்குத் தலைக்குள் மின்சொடுக்கு, தலைசுற்றல், குமட்டல், விசித்திரக் கனவு என்று முன்பு ஒருபோதும் இல்லாதவை வந்தால் அது விலகல். எப்படிப் போனது: பழைய டோஸை எடுத்ததும் ஒன்றிரண்டு நாளில் மறைந்தால் விலகல், திரும்பிய நோய் மருந்துக்கு அடங்க வாரக்கணக்கில் ஆகும். முதலில் சொன்ன அந்த மனிதருக்குச் சில மணி நேரத்தில் அடங்கியதே, அது அவர் நினைத்ததற்கு நேர் எதிரான சான்று.

நோய் திரும்புவதும் உண்மையில் நடக்கும், அதை மறைக்கக் கூடாது. 2021-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நீண்ட காலம் மனச்சோர்வு மருந்து எடுத்து நலமாக இருந்த 478 பேரில், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் நலமாகவே இருந்தார்கள் என்பதும் அதே எண்ணிக்கையில்தான் இருக்கிறது. பலமுறை கடும் மனச்சோர்வு வந்தவர், இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர், மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவர் ஆகியோருக்குத் தொடர்வதே சரியான முடிவாக இருக்கலாம். நிறுத்துவது எல்லோருக்கும் இலக்கு அல்ல.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு நோட்டு போதும். நாளுக்கு ஒரு வரி: தேதி, எடுத்த டோஸ், தூங்கிய மணி, பதற்றம் பத்துக்கு எத்தனை, அன்று நடந்த வேறு ஏதாவது (காய்ச்சல், புது மருந்து, சண்டை). மணிக்கு மணி எழுதினால் கவனம் முழுக்க உடலிலேயே குத்திட்டு நிற்கும், அதுவே பதற்றத்தைக் கூட்டும். குறைத்த மூன்றாம் நாளிலிருந்து எண் ஏறி, பத்தாம் நாள் இறங்குகிறதா? அடுத்த படிக்கும் அதே வடிவமா? அப்படியென்றால் அது விலகல். படியைச் சிறிதாக்கினால் அலையும் சிறிதாகும். எண்கள் பழைய நிலைக்கு வந்து சில நாள் நிலைக்காமல் அடுத்த படி வேண்டாம். காலண்டர் சொல்கிறது என்பதற்காக இறங்கக் கூடாது.

தாங்க முடியாமல் போனால்? கடைசியாக நன்றாக இருந்த டோஸுக்குத் திரும்பி, அங்கே சில வாரம் நின்று, பிறகு பாதி வேகத்தில் தொடரலாம். தொடக்க டோஸுக்கே ஓட வேண்டியதில்லை. ஆனால் இன்று கூட்டி, நாளை குறைத்து, மறுநாள் கூட்டி ஆடுவது மிக மோசம். எந்த அளவுக்குப் பழகுவது என்றே மூளைக்குத் தெரியாமல் போகும். தூங்க முடியவில்லை என்று மது பக்கம் போவது அதைவிட மோசம். மதுவும் அதே காபா ஏற்பியில்தான் வேலை செய்கிறது. பென்சோடயசெபைனோடும் ஓபியாய்டோடும் சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். காபியைக் குறைக்கலாம், ஆனால் டோஸ் குறைத்த அதே வாரத்தில் காபியையும் நிறுத்தினால் அந்தத் தலைவலி எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

திட்டமிட்ட குறைப்பைவிட, தெரியாமல் நடக்கும் விலகல்கள் பல. விடுமுறை நாளில் அட்டை தீர்ந்துபோகும். அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரும்போது தினசரி மாத்திரையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வலிப்பு மருந்தான கார்பமசெபைன் புதிதாகத் தொடங்கினால் அல்பிரசோலாமின் அளவு ரத்தத்தில் சரியும். கிளாரித்ரோமைசின், இட்ராகொனசோல் எடுத்தால் ஏறும், அந்தக் கோர்ஸ் முடிந்ததும் திரும்ப விழும். எந்தப் புது மருந்து எழுதினாலும் "நான் இந்த மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். இப்போதைய டோஸில் ஒரு வாரத்துக்கான மாத்திரையாவது எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். ஓபியாய்டானால் பூட்டிய இடத்தில்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவை: குறைந்த அளவு மாத்திரையோ திரவமோ எழுத முடியுமா, எந்தப் படியில் எத்தனை வாரம் என்று காகிதத்தில் எழுதித் தருவீர்களா, நடுவில் கடினமானால் நானே அந்தப் படியில் நின்றுகொள்ளலாமா, அவசரத்துக்கு யாரை அழைப்பது. "இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால், எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லி மறுபடி கேளுங்கள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே, குறைக்கும் திட்டத்தை நோயாளியோடு பேசி முடிவு செய்யச் சொல்கிறது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம், அன்றே மருத்துவரை அழைத்துப் பேசினால் போதும்.

வலிப்பு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது கேட்பது, அதிகக் காய்ச்சலோடு உடல் விறைப்பது, நெஞ்சுவலி, ஸ்டீராய்டு எடுத்தவருக்கு நிற்காத வாந்தியோடு மயக்கம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்: இவற்றில் எது வந்தாலும் நோட்டையும் அட்டவணையையும் ஓரம் வைத்துவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். என்ன மருந்து, என்ன டோஸ், கடைசியாக எப்போது எடுத்தது என்ற மூன்றையும் கூடப் போகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் நோட்டை மூடிவிட வேண்டாம். கடைசி டோஸுக்குப் பின் சில வாரம் தூக்கம் துண்டு துண்டாக இருக்கும். நல்ல நாட்களுக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு கெட்ட நாள் வரும். சிலருக்கு இது மாதக்கணக்கில் நீளும். கெட்ட நாட்களுக்கு இடைப்பட்ட தூரம் கூடிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையாவது மருத்துவரைப் பார்த்து, மருந்து எந்த நோய்க்காகத் தொடங்கியதோ அந்த நோயைப் பற்றியும் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. மிச்சமான மாத்திரைகளை மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா என்று விசாரித்து அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.